டிகாக்ஸின் மாத்திரையைத் தவறில்லாமல் கொடுப்பது எப்படி: இதயச் செயலிழப்பு நோயாளியின் வீட்டாருக்கும் புதிய செவிலியருக்கும்

எக்கோ என்ற இதய ஸ்கேனில் ‘பம்பிங் 30 சதவீதம்’, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைவு என்று வந்தவரின் மருந்துச் சீட்டில் ஏழெட்டு மாத்திரைகள் இருக்கும். அதில் டிகாக்ஸின் சிறிய மாத்திரை, விலையும் குறைவு. அதனால்தானோ என்னவோ, அதற்குக் கவனமும் குறைவாகவே கிடைக்கிறது. டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் இந்த மருந்து, ஒரு மில்லி ரத்தத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் நன்மை செய்யும். 1.2-ஐத் தாண்டினால் நன்மை போய்க் கெடுதல் தலைகாட்டும். 2-ஐத் தாண்டினால் நஞ்சாகும் வாய்ப்பு வெகுவாகக் கூடும். இவ்வளவு குறுகிய இடைவெளி கொண்ட மாத்திரைகள் வீட்டு அலமாரியில் அதிகம் இருக்காது.

பலரும் நினைப்பதற்கு மாறாக, ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுவிடுவதால் வரும் சிக்கல் குறைவு. சிறுநீரகம் மந்தமாகிறது, பொட்டாசியம் இறங்குகிறது, புதிதாக ஒரு மருந்து சேர்கிறது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. கீழே உள்ள வரிசை அதற்காகவே. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை; எப்போது மாற்ற வேண்டியிருக்கும் என்று கவனித்துச் சொல்வது உடனிருப்பவர் வேலை.

1. எதற்காக எழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள்

இரண்டு காரணங்கள்தான் பொதுவாக இருக்கும். ஒன்று, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்க, கீழறைகளும் நிமிடத்துக்கு 130, 140 என்று ஓடுகின்றன. டிகாக்ஸின் அந்த ஓட்டத்துக்கு வேகத்தடை போடும். இரண்டு, துடிப்பு ஒழுங்காக இருந்தும் பம்பிங் குறைந்து, மற்ற மருந்துகள் எல்லாம் கொடுத்த பிறகும் மூச்சிரைப்பு அடங்காத நிலை.

காரணம் தெரிந்தால்தான் பலன் கிடைக்கிறதா என்று பார்க்க முடியும். முதல் வகைக்கு நாடி எண்ணிக்கை அளவுகோல். இரண்டாம் வகைக்கு நடக்கும் தூரம், இரவில் வைக்கும் தலையணைகளின் எண்ணிக்கை, ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய தேவை ஆகியவை அளவுகோல்.

இரண்டாம் வகையில் இது ஆயுளைக் கூட்டும் மருந்து அல்ல. 6,800 பேரிடம் நடந்து 1997-இல் வெளியான டி.ஐ.ஜி. ஆய்வில் இறப்பு குறையவில்லை. இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது. ஆகவே ‘டிகாக்ஸின் போட்டதும் நன்றாக இருக்கிறது’ என்று அதே சீட்டில் உள்ள மற்ற இதய மருந்துகளான பீட்டா பிளாக்கரையோ ஸ்பைரனோலாக்டோனையோ நிறுத்திவிடாதீர்கள். ஆயுளைக் காப்பவை அவை.

பம்பிங் நன்றாக இருந்து துடிப்பும் ஒழுங்காக இருப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. பேஸ்மேக்கர் இல்லாமல் இரண்டாம், மூன்றாம் நிலை ‘ஹார்ட் பிளாக்’ (இதய மின்தூண்டல் தடைபடுவது) உள்ளவர், டபிள்யூ.பி.டபிள்யூ. என்ற கூடுதல் மின்பாதையோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர், தசை தடித்து ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டவர் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. டிஜிடாக்ஸின் என்பது வேறு மருந்து. 2025-இல் வெளியான டிஜிட்-எச்.எஃப். ஆய்வில் பலன் காட்டியது அதுதான். அதன் மில்லிகிராம் கணக்கு வேறு, உடலில் தங்கும் காலம் வேறு, வெளியேறும் வழியும் வேறு. செய்தியில் படித்த அளவை டிகாக்ஸினுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

2. முதல் மாத்திரைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கிரியேட்டினின் (சிறுநீரகத் திறனைக் காட்டும் ரத்தப் பரிசோதனை): டிகாக்ஸினில் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீர் வழியாகவே போகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பாதி வெளியேற 36 முதல் 48 மணி நேரம் ஆகும். சிறுநீரகம் செயலற்றுப் போனவருக்கு அதே பாதி வெளியேற 4, 5 நாள்கூட ஆகலாம். கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 42 கிலோ எடையுள்ள 78 வயதுப் பாட்டிக்கு ‘1.1, நார்மல்’ என்று வரும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் பாதித் திறனில்கூட இயங்காதது தெரியும்.

பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் மூன்றும் வேண்டும். தைராய்டு பரிசோதனையும் வேண்டும்: தைராய்டு குறைந்தவர் உடலில் டிகாக்ஸின் தேங்கும், கூடியவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகும்.

ஒரு ஈசிஜி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். டிகாக்ஸின் தொடங்கிய பிறகு எஸ்.டி. பகுதி கரண்டியால் வழித்ததுபோல் கீழே வளையும். அது மருந்து உடலில் இருப்பதன் அடையாளம். அதை மட்டும் வைத்து நஞ்சாகிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பழைய ஈசிஜி இல்லாமல் புதியதைப் பார்க்கும் இளம் மருத்துவர் அதை மாரடைப்பு என்று நினைத்துவிடவும் கூடும்.

கடைசியாக, நோயாளி சாப்பிடும் எல்லாவற்றின் பட்டியல். மூட்டுவலி மாத்திரை, சூரணம், லேகியம், மலச்சிக்கல் பொடி எல்லாமே அதில் வர வேண்டும்.

3. அளவு: புள்ளிதான் எதிரி

இங்கே கடைகளில் பரவலாகக் கிடைப்பது 0.25 மி.கி. மாத்திரை. இதயச் செயலிழப்புக்கு இன்று பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது 0.125 மி.கி., அதாவது அரை மாத்திரை. 70 வயதைத் தாண்டியவர், மெலிந்தவர், சிறுநீரகம் தளர்ந்தவர் ஆகியோருக்கு அதிலும் பாதி, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எழுதுவார்கள்.

0.25 மி.கி. என்பதும் 250 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. ஒரு சீட்டில் மில்லிகிராமும் இன்னொன்றில் மைக்ரோகிராமும் இருந்தால் எழுதியவரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். குழந்தைகளுக்கான திரவ மருந்தில் ஒரு மில்லியில் 0.05 மி.கி. இருக்கும். 0.5 மில்லி என்பதை 5 மில்லி என்று படித்தால் பத்து மடங்கு போய்விடும். சமையல் ஸ்பூனால் அளக்காமல், கூடவே வரும் துளிக்குழாயையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

அரை மாத்திரைக்குக் கடையில் கிடைக்கும் வெட்டி போதும். கால் மாத்திரையாகக் கையால் உடைத்தால் நாலும் நாலு அளவாக வரும், பொடியும் சிந்தும். அவ்வளவு சிறிய அளவு வேண்டுமென்றால் திரவ மருந்து தரலாமா என்று கேளுங்கள்.

‘வாரத்தில் 5 நாள் முழு மாத்திரை, சனி ஞாயிறு லீவு’ என்ற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. கணக்குப் போட்டால் அது வாரத்துக்கு 1.25 மி.கி.; தினமும் அரை மாத்திரை என்பது 0.875 மி.கி. லீவு நாளில் ரத்த அளவு பாதிக்கும் கீழே இறங்கும், வெள்ளிக்கிழமை மேலே நிற்கும். தினமும் ஒரே சிறிய அளவு கொடுப்பதே சீரானது என்பது என் கருத்து. ஆனால் சீட்டில் 5 நாள் என்று இருந்தால் நீங்களாக 7 நாள் ஆக்கிவிடாதீர்கள். வாரக் கணக்கில் அது கூடுதல் மருந்து.

தொடங்கியதும் பலனை எதிர்பார்த்து அவசரப்பட வேண்டாம். ஒரே அளவில் தினமும் கொடுத்தால் ரத்தத்தில் மட்டம் நிலைக்க 7 முதல் 10 நாள் ஆகும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு 2, 3 வாரம். மூன்றாம் நாளே ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று அளவைக் கூட்டுவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. கூட்டியதன் விளைவு இரண்டு வாரம் கழித்து வந்து நிற்கும்.

4. கொடுக்கும் நேரம்

தினமும் ஒரே நேரம். முடிந்தால் இரவு உணவு நேரம் நல்லது. மறுநாள் காலையில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் தேவையான இடைவெளி தானாகக் கிடைத்துவிடும்.

ஜெலுசில் போன்ற அமில எதிர்ப்பு மருந்து, சுக்ரால்ஃபேட், இசப்கோல், தவிட்டு உணவு எல்லாம் குடலிலேயே டிகாக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

மறந்துபோனால் 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் கொடுக்கலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போங்கள். இரண்டு வேளைக்குச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தோமா இல்லையா என்றே தெரியவில்லை என்றாலும் விட்டுவிடுவதே மேல். மெதுவாக வெளியேறும் மருந்து; ஒரு வேளை தப்பினால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

5. நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள்

ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கட்டைவிரலைத் தவிர்த்து ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கொண்டு மணிக்கட்டில் எண்ண வேண்டும். கட்டைவிரலில் உங்கள் நாடியே துடிக்கும்.

15 விநாடி எண்ணி நாலால் பெருக்கும் குறுக்கு வழி இங்கே உதவாது. ஒழுங்கற்ற துடிப்பில் ஒரு கால் நிமிடத்தில் 14 வரும், அடுத்ததில் 24 வரும். பெருக்கினால் 56 என்றும் 96 என்றும் இரண்டு விடை கிடைக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குச் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. அதனால் செவிலியர்கள் ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்புக் காம்புக்குக் கீழே, இதய முனையில் வைத்து 60 விநாடி எண்ண வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் பி.பி. மெஷினும் காட்டும் எண்ணை இவர்களுக்கு நம்ப முடியாது.

பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே போனால் அந்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்பது வழக்கமான விதி. பீட்டா பிளாக்கரும் சேர்ந்து சாப்பிடுபவருக்கு 58 என்பது அவருடைய இயல்பாகவே இருக்கலாம். எனவே ‘இவருக்கு எந்த எண்ணுக்குக் கீழே நிறுத்த வேண்டும்?’ என்று முதல் நாளே கேட்டு, சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையோடு ஒழுங்கையும் குறித்துவையுங்கள். வருடக்கணக்காக ஒழுங்கில்லாமல் துடித்த நாடி ஒரு நாள் திடீரெனக் கடிகாரம்போல் 55, 60 என்று சீராகத் துடித்தால் வீட்டில் மகிழ்ச்சி அடைவார்கள். டிகாக்ஸின் சாப்பிடுபவருக்கு அது ஆபத்தின் அடையாளமாக இருக்கக்கூடும்: மேலறையின் மின்தூண்டல் முழுவதும் அடைபட்டு, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள நடுமுடிச்சு தன் போக்கில் துடிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

6. பொட்டாசியம்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

இதயத் தசைச் செல்லின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. டிகாக்ஸின் அந்தப் பம்பில், பொட்டாசியம் உட்கார வேண்டிய பக்கமாக ஒட்டி அதை மட்டுப்படுத்துகிறது. விளைவாகச் செல்லுக்குள் கால்சியம் கூடி, தசை வலுவாகச் சுருங்குகிறது. ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் அதிகமாக ஒட்டும். ரத்தப் பரிசோதனையில் டிகாக்ஸின் 0.9 என்று நல்ல எண்ணாக இருக்கும்போதே இதயம் நஞ்சேறியதுபோல் நடந்துகொள்வது இதனால்தான்.

பொட்டாசியத்தை இறக்குவதில் முதல் குற்றவாளி கூடவே எழுதப்படும் நீர் மாத்திரை: ஃபுரோசிமைடு, டார்சிமைடு, மெட்டோலசோன். கால் வீங்கியதென்று நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கினால், நாலைந்து நாளில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்தே ஆக வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, பேதி மருந்து, சால்புடமால் நெபுலைசர் ஆகியவையும் இறக்கும்.

வீட்டு வைத்தியத்தில் கவனிக்க வேண்டியது அதிமதுரம். இருமலுக்கு ஒருமுறை வாயில் போடும் துண்டு வேறு. வாரக்கணக்கில் கஷாயமாகக் குடிப்பது வேறு. தொடர்ந்து எடுத்தால் உடல் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விடும். வீக்கம் கூடும், பொட்டாசியம் இறங்கும். இதய நோயாளிக்கு இரண்டுமே கெடுதல். நிலாவரைப் பொடியைத் தினமும் எடுத்தாலும் பொட்டாசியம் இறங்கும்.

‘அப்படியானால் தினம் இரண்டு இளநீர் கொடுக்கலாமே’ என்று தோன்றும். அதே சீட்டில் ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில் அல்லது சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் இருந்தால் அவை பொட்டாசியத்தை ஏற்றுபவை. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இளநீரும் ‘லோ சோடியம்’ உப்பும் சேர்ந்து பொட்டாசியத்தை ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோகும். ஏறினாலும் தொல்லை, இறங்கினாலும் தொல்லை. லிட்டருக்கு 4 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் என்பது நிம்மதியான இடம். அதை இளநீரால் ஊகிக்க முடியாது, ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

பொட்டாசியம் மருந்து கொடுத்தும் எண் ஏறவில்லையென்றால் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாகாமல் பொட்டாசியம் தங்காது.

7. புது மருந்து வந்தால் பழைய அளவு செல்லாது

துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் தொடங்கினால் டிகாக்ஸினை வழக்கமாகப் பாதியாக்குவார்கள். ரத்த அளவு மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் ஏறும். அதனால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிறுத்திய பிறகும் அமியோடரோன் மாதக்கணக்கில் உடலில் கிடக்கும்.

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இட்ராகோனசோல், வெராபமில் ஆகியவையும் டிகாக்ஸினை ஏற்றும். சளிக்கும் படர்தாமரைக்கும் வேறு மருத்துவரிடம் போகும்போதுதான் முதல் மூன்றும் வந்து சேர்கின்றன. அங்கே ‘டிகாக்ஸின் சாப்பிடுகிறார்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேறு வழியில் கெடுக்கும்: சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்து டிகாக்ஸின் வெளியேறுவதைத் தடுக்கும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர். அது டிகாக்ஸினை இறக்கும். காசநோய் மருந்து ஓடும்போது டிகாக்ஸின் அளவைக் கூட்டியிருந்தால், 6 மாதக் கோர்ஸ் முடியும் நாளில் அந்தக் கூடுதல் அப்படியே நிற்கும். கோர்ஸ் முடியும் தேதியை இதய மருத்துவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

அரளி பற்றி ஒரு சொல். செவ்வரளியிலும் மஞ்சள் அரளியிலும் இருப்பவை டிகாக்ஸினின் உறவுப் பொருள்களே. ‘செடியிலிருந்து வந்த மருந்துதானே, செடியையே கொடுத்தால் என்ன’ என்ற வாதத்துக்கு விடை: ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அரளி எந்த வடிவத்திலும் இதய மருந்தாகாது, உயிரைப் பறிக்கும்.

8. ரத்தத்தில் டிகாக்ஸின் பார்க்கும்போது

மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். 12-க்கு மேல் என்றால் இன்னும் நல்லது. மருந்து ரத்தத்திலிருந்து தசைகளுக்குப் பரவ அவ்வளவு நேரம் பிடிக்கும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் பொய்யாக உயர்ந்த எண் வரும், தேவையில்லாமல் மருந்து நிற்கும். கடைசி மாத்திரை போட்ட நேரத்தை லேப் சீட்டில் எழுதுங்கள்.

லேப் தாளில் ‘0.8 முதல் 2.0 வரை நார்மல்’ என்று அச்சிட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது பழைய வரம்பு. இதயச் செயலிழப்பில் 1.7 என்பது தடித்த எழுத்தில் வராது, பக்கத்தில் அம்புக்குறி இருக்காது. ஆனாலும் அது அதிகம்தான்.

9. நஞ்சாகத் தொடங்கினால்

முதலில் போவது பசி. ‘சோறே இறங்கல, குமட்டுது’ என்று முதியவர் சொல்வார். அமிலத்தைக் குறைக்கும் பேண்டாபிரசோலும் வாந்தியை நிறுத்தும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்துவிட்டு டிகாக்ஸினைத் தொடர்வார்கள். சாப்பிடாததால் பொட்டாசியம் இறங்கும், வாந்தியில் நீர் வற்றிச் சிறுநீரகம் மந்தமாகும், டிகாக்ஸின் இன்னும் ஏறும். இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே அறுக்க வேண்டும். டிகாக்ஸின் சாப்பிடுபவருக்கு இரண்டு நாள் பசியில்லை என்றால் மருத்துவரிடம் பேசாமல் அடுத்த வேளை கொடுக்காதீர்கள்.

காரணமில்லாத அசதி, புதிதாக வந்த குழப்பப் பேச்சு, வெள்ளைச் சுவர் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவது, விளக்கைச் சுற்றி வளையம், தலைசுற்றல், மயக்கம், விட்டுவிட்டுத் துடிக்கும் நாடி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. மயக்கம் என்றால் 108-ஐ அழையுங்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டை, நாடி எழுதிய நோட்டு, பழைய ஈசிஜி மூன்றும் கூடப் போகட்டும்.

அங்கே ஈசிஜி மானிட்டர் மாட்டி, பொட்டாசியம் பார்த்துச் சரிசெய்வார்கள். துடிப்பு மிகவும் குறைந்தால் அட்ரோபின் போடுவார்கள். டயாலிசிஸ் இதற்கு உதவாது, ஏனெனில் மருந்தில் பெரும்பங்கு தசைகளுக்குள் இருக்கிறது. நச்சுமுறிவு மருந்து டிகாக்ஸின் எதிர்ப்புரதத் துண்டு, 40 மி.கி. குப்பி ஒன்று சுமார் 0.5 மி.கி. டிகாக்ஸினைப் பிடிக்கும். விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அது போட்ட பிறகு வழக்கமான பரிசோதனையில் டிகாக்ஸின் எண் பல மடங்கு ஏறிக் காட்டும். பிடிபட்ட மருந்தையும் சேர்த்து எண்ணுவதால் வரும் ஏற்றம் அது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதை வைத்து அடுத்த முடிவும் எடுக்க வேண்டாம்.

10. நிறுத்தியதை மறுபடி தொடங்கும்போது

மூன்று மாதமாக நன்றாக இருக்கிறார் என்று டிகாக்ஸினைச் சொல்லாமல் நிறுத்துவதும் தவறு. நிலையாக இருந்தவர்களிடம் நிறுத்திப் பார்த்தபோது பலருக்கு மூச்சிரைப்பு திரும்ப வந்திருக்கிறது.

நஞ்சாகி நிறுத்தியிருந்தால் ‘ஏன் ஏறியது’ என்பதற்கு விடை கிடைக்காமல் மறுபடி தொடங்கக் கூடாது. கிரியேட்டினின் உயர்ந்ததா, புது மருந்தா, பேதியா, இரண்டு கடையிலிருந்து இரண்டு பெயரில் வந்த ஒரே மருந்தா? கடைசியாகச் சொன்னது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாளில் பழைய டப்பாவையும் புதிய கவரையும் மேசையில் கொட்டி, அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒவ்வொன்றாகப் படியுங்கள். ‘டிகாக்ஸின்’ இரண்டு அட்டையில் இருந்தால் பழையதை அன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் இருக்கும் வீடானால் மிச்சமிருப்பதைப் பூட்டி வையுங்கள்.